ஃப்ருத்தியாரில் ஜெர்மன் குடியேறிகளின் நினைவுத் தோட்டம்: ஒரு மதிப்புரை

சிலி நாட்டின் தென்பகுதியில், யான்கீவே ஏரியின் மேற்குக் கரையில் ஃப்ருத்தியார் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே வந்து குடியேறிய ஜெர்மானியக் குடும்பங்களின் நினைவாக அவ்வூரில் அமைக்கப்பட்டுள்ள ஜெர்மன் குடியேற்ற அருங்காட்சியகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. பெயரில் அருங்காட்சியகம் என்று இருந்தாலும், உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவதும் நெடுநேரம் நம்மை நிறுத்தி வைப்பதும் தோட்டம்தான். ஏறத்தாழ மூன்று ஹெக்டேர் சரிவு நிலத்தில், ஓர் ஆலை, ஒரு கொல்லன் வீடு, ஒரு வட்டக் களஞ்சியம், ஒரு பெரிய பண்ணை வீடு ஆகிய நான்கையும் பூம்பாத்திகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடுவே விலக்கி விலக்கி வைத்திருக்கிறார்கள். வால்டிவியா நகரிலுள்ள ஆஸ்திரால் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில், 1984 முதல் இது மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது.

போய்ப் பார்க்கத் தகுந்த இடம்தானா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தகுந்த இடம். ஆனால் தோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிதான் பார்த்ததாக ஆகும். அதே ஊரின் வடக்குக் கோடியில், சிலி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் எட்முண்டோ விங்க்ளர் காப்புக்காடு என்ற இயற்கை வனப்பகுதி இருக்கிறது. காலையில் அந்தக் காட்டுக்குள் நடந்துவிட்டு, பிற்பகலில் தோட்டத்துக்கு வருவதே சரியான வரிசை என்பது என் கருத்து. பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் தோட்டத்தையும் ஏரிக்கரைத் தேநீர்க் கடைகளையும் காட்டிவிட்டு மேலே கிளம்பிவிடுகின்றன.

தோட்டத்தின் அழகைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். வாயிலிலிருந்து நடைபாதை மெல்ல மேலேறுகிறது. இருபுறமும் ஒரே உயரத்துக்குக் கத்தரித்துவிட்ட செடிவேலிகள். அவற்றுக்குப் பின்னால் ஹைட்ரேஞ்சியா புதர்கள், ரோஜாக்கள். அப்பகுதியின் மண் புளிப்பு மிகுந்த எரிமலைச் சாம்பல் மண் என்பதால் ஹைட்ரேஞ்சியா பூக்கள் அங்கே நல்ல நீல நிறத்தில், கொத்துக் கொத்தாகத் தலை கனத்துச் சாய்ந்து நிற்கின்றன. ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் அங்கே கோடைக்காலம்; அப்போதுதான் இவை உச்சத்தில் இருக்கும். மேலேறித் திரும்பிப் பார்த்தால் கீழே ஏரி, ஏரிக்கு அப்பால் 2,652 மீட்டர் உயரத்தில் பனிக்குல்லாய் கவிழ்ந்த ஓசோர்னோ எரிமலை. தோட்டத்தை வடிவமைத்தவர்கள் இந்தக் காட்சியை நன்றாக மனத்தில் வைத்தே செய்திருக்கிறார்கள். நடைபாதை ஒவ்வொரு முறை வளையும்போதும் மரங்களுக்கிடையே எரிமலை கொஞ்சம் தெரிந்து மறைகிறது. பண்ணை வீட்டின் முன்னால் போய் நின்றால்தான் முழுவதும் தெரிகிறது. மேகம் இல்லாத நாளாக இருந்தால் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை மிகுந்த வட்டாரம். எரிமலையைப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் உண்டு.

கட்டடங்கள் குடியேற்றக்கால முறையைப் பின்பற்றி மீண்டும் எழுப்பப்பட்டவை. பழமையையே தேடி வருகிறவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. காரணம், அவற்றுள் இருக்கும் கருவிகளும் அறைகலன்களும் கைபட்டுத் தேய்ந்தவை. மேலும் வேலை எப்படி நடந்தது என்பதைக் காட்டுவதே இங்கு நோக்கம் என்பதால், மீட்டெழுப்பிய கட்டடம் அதற்குப் போதுமானதாகவே இருக்கிறது.

நீராலையில் தொடங்கலாம். மரவாய்க்கால் வழியே வரும் தண்ணீர் சக்கரத்தின் மேல் விழ, செங்குத்தாகச் சுழலும் அந்தச் சக்கரத்தின் விசையை உள்ளே பற்சக்கரங்கள் வாங்கி, கிடையாகச் சுழலும் மாவரைக்கும் கல்லுக்குத் தருகின்றன. அடிக்கல் அசைவதில்லை, மேற்கல் மட்டுமே சுழல்கிறது. இரண்டுக்கும் இடையில் விடும் இடைவெளியைக் கூட்டியோ குறைத்தோதான் மாவின் பதத்தைத் தீர்மானித்தார்கள். கோதுமையை விளைவித்தால் மட்டும் போதாது, அரைக்க வழி வேண்டும். சாலையே இல்லாத ஏரிக்கரையில் ஓர் ஆலை இருந்தால் அதைச் சுற்றி ஒரு ஊரே உருவாகிவிடும் என்பதை இங்கே நின்று பார்த்தால் விளக்கமில்லாமலே புரிந்துகொள்ளலாம்.

கொல்லன் வீட்டில் துருத்தியும் உலையும் பட்டடையும் அந்தந்த இடத்தில் இருக்கின்றன. வீடும் பட்டறையும் ஒன்றை ஒன்று ஒட்டியே இருப்பதைக் கவனியுங்கள்; லாடம், கலப்பைக் கொழு, கோடாரி என்று எல்லாவற்றுக்கும் ஊர் முழுவதும் ஒருவரையே நம்பியிருந்த காலத்தில், வேலைக்கும் வீட்டுக்கும் இடையே கதவுகூடச் சாத்தியிருக்க முடியாது.

என்னை மிகவும் ஈர்த்தது கம்பனாரியோ என்று அங்கே அழைக்கப்படும் வட்டக் களஞ்சியம். வெளியிலிருந்து பார்த்தால் கூம்புக்கூரை போட்ட பெரிய மரக்கூடாரம். உள்ளே கால் வைத்தவுடன் கண்கள் தாமாகவே கூரையின் உச்சிக்குப் போகின்றன. நடுக்கம்பத்திலிருந்து விட்டங்கள் நாற்புறமும் விரிந்து இறங்கி வட்டச்சுவரில் உட்காருகின்றன. அறுவடை முடிந்த கதிர்க்கட்டுகளைச் சுற்றிலும் அடுக்கிவைத்து, நடுவில் குதிரைகளைச் சுற்றி நடக்கவிட்டுக் கதிரடித்தார்கள். நம் ஊர்க் களத்தில் பிணையல் மாடு சுற்றுவதுபோலத்தான்; ஆனால் நம் களத்துக்கு மேலே வானம், இவர்களுக்கு மேலே கூரை. ஏன் கூரை என்பதற்கு அந்த வட்டாரத்தின் வானிலையே விடை. கோடையிலும் மழை வரும். திறந்த களத்தில் போட்ட கதிர் ஓரிரு நாளில் முளைவிட்டுவிடும். ஜெர்மனியிலிருந்து தெரிந்துகொண்டு வந்த தச்சுத்திறமையும், வந்து சேர்ந்த நிலத்தின் ஈரமும் சேர்ந்து கட்டிய கட்டடம் இது. இப்போது உள்ளே பழைய வண்டிகளையும் உழவுக் கருவிகளையும் வட்டமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள்.

மேட்டில் இருக்கும் பண்ணை வீடு வேறு வகை. வசதி வந்த பிறகான வாழ்க்கையை அது காட்டுகிறது. அகன்ற முகப்பு, மரப்படிக்கட்டு, இரும்பு அடுப்பு வைத்த சமையலறை, பளபளக்கும் அறைகலன்கள் எல்லாம் பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் இந்த வீட்டில் பலரும் அதிக நேரம் செலவழிப்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஐரோப்பிய நடுத்தரக் குடும்பத்து வரவேற்பறையை உலகின் எத்தனையோ ஊர்களில் பார்க்கலாம். முதல் இருபது ஆண்டுகளில் இவர்கள் பட்டபாட்டை அந்த வரவேற்பறை சொல்லாது. கீழே இருக்கும் ஆலையும் களஞ்சியமும்தான் சொல்லும்.

அந்தப் பாடு சிறிதன்று. குடியேற்றத்துக்கு வழிசெய்யும் சட்டத்தைச் சிலி அரசு 1845இல் இயற்றியது. பெர்ன்ஹார்ட் ஃபிலிப்பி என்பவர் ஜெர்மனியில் ஆள்சேர்க்கும் முகவராக அனுப்பப்பட்டார். 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோற்றுப்போன பின் ஏமாற்றமடைந்த படித்தவர்கள், தொழில் நசிந்த கைவினைஞர்கள், நிலம் போதாத உழவர்கள் என்று பலவகைப்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1850 முதல் 1875 வரை ஏறத்தாழ 6,000 பேர் வந்ததாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். முதலில் வந்தவர்களுள் ஒருவரான கார்ல் அன்வாண்ட்டர், தாங்கள் எவருக்கும் குறையாத நேர்மையும் உழைப்பும் உள்ள சிலிக் குடிமக்களாக இருப்போம் என்று வாக்களித்தது இன்றும் அந்தச் சமூகத்தார் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. அவர் தங்கியது வால்டிவியாவில். ஏரிக்கரைக்கு அனுப்பப்பட்டவர்களின் நிலைமை அதைவிடக் கடினமானது. 1852இன் இறுதியில் அவர்கள் இறங்கிய கடற்கரையில், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நிறுவப்பட்ட புவேர்த்தோ மோன்ட் நகரம் அப்போது இல்லை. கடற்கரைக்கும் ஏரிக்கும் நடுவே சதுப்பும் காடும். வழி தேடிப் போனபோது குடும்பத் தலைவர்கள் இருவர் காட்டில் தொலைந்து, திரும்பி வரவே இல்லை. அரசு தந்த காளைகளையும் பலகைகளையும் ஆணிகளையும் வைத்துக்கொண்டு முதல் குடிசைகளைக் கட்டினார்கள். ஃப்ருத்தியார் 1856இல் உருவானது. நெடுங்காலத்துக்கு ஏரிதான் அவர்களுக்குச் சாலை; பழைய வீடுகள் எல்லாம் தண்ணீரைப் பார்த்து நிற்பதற்கும், படகுத்துறைகளைச் சுற்றியே ஊர்கள் அமைந்ததற்கும் அதுவே காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில் வந்தபோது அது மேட்டு நிலம் வழியாகப் போனது. ஆகவே இன்று ஃப்ருத்தியார் என்பது இரண்டு ஊர்: பேருந்தும் கடைவீதியும் அன்றாடப் பரபரப்பும் உள்ள மேல் ஊர், தோட்டமும் விடுதிகளும் உள்ள கீழ் ஊர்.

இந்தக் கதையின் இன்னொரு பக்கத்துக்கு இப்போது வருகிறேன். தோட்டம் அமைந்திருக்கும் தெருவின் பெயர் விசென்தே பேரேஸ் ரொசாலேஸ். குடியேற்றத்துக்குப் பொறுப்பான அரசு முகவராக 1850இல் அமர்த்தப்பட்டவர் அவர். குடியேறிகளுக்குக் கொடுக்க உழுநிலம் வேண்டும்; இருந்ததோ உள்ளே நுழைய முடியாத மழைக்காடு. பிச்சி ஹுவான் என்ற, அப்பகுதிப் பூர்வகுடியான வில்லிச்சே இனத்தவருக்குக் கூலி கொடுத்துக் காட்டுக்குத் தீ வைக்கச் சொன்னார். 1851இல் மூட்டிய அந்தத் தீ ஏறத்தாழ மூன்று மாதங்கள் எரிந்ததாக ரொசாலேஸே பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். புகையில் சூரியன் மங்கிப்போனதையும் மறைக்காமல் குறிப்பிட்டிருக்கிறார். தீக்குப் பலியான மரங்களில் அலெர்சே முக்கியமானது. 3,600 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அலெர்சே மரத்தை ஆண்டு வளையங்களை எண்ணி உறுதிசெய்திருக்கிறார்கள். அதன் மரம் நாரோட்டத்தில் நேராகப் பிளக்கும். ஈரத்தில் எளிதில் உளுக்காது. அதைப் பிளந்து செய்த மரஓடுகளைத்தான் அந்த வட்டாரத்து வீடுகளின் கூரையிலும் சுவரிலும் மீன்செதில்போல் அடுக்கிப் பதித்தார்கள். பணப்புழக்கம் குறைந்த காலத்தில் அலெர்சே பலகையே நாணயமாகவும் வழங்கியது. சிலி அரசு 1976இல் இம்மரத்தை இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்து, உயிருள்ள மரங்களை வெட்டத் தடை விதித்தது.

வில்லிச்சே மக்களுடைய நிலங்கள் எங்கு முடிகின்றன, அரசின் ஆளில்லாத நிலம் எங்குத் தொடங்குகிறது என்ற கேள்விக்கு அக்கால அரசு எழுதிக்கொண்ட விடை அதற்குச் சாதகமானது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. குடியேறி வந்த ஏழை உழவர்களை இதற்குக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. தங்களுக்குக் காட்டப்பட்ட மனையில் இறங்கி அடிமரங்களைத் தோண்டியவர்கள் அவர்கள். ஆனால் முன்னோரைப் போற்றும் ஓர் இடத்தில், அவர்களுக்கு முன்பு அதே மண்ணில் இருந்தவற்றைப் பற்றியும் நினைத்துக்கொள்வது பார்வையாளரின் பொறுப்பு. ஆலை, உலை, களம், வீடு என்ற தோட்டத்தின் வரிசை, கட்டியெழுப்பியவற்றின் வரிசை. அழிந்ததற்கு அந்த வரிசையில் கட்டடம் ஏதும் இருக்க வழியில்லை. இவ்வளவு ஒழுங்காக வெட்டப்பட்ட புல்வெளியே அதற்கான சான்று என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதனால்தான் விங்க்ளர் காட்டை முதலில் பார்க்கச் சொன்னேன். சுமார் 33 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காப்பிடத்தில் உல்மோ, கொய்வே, கனேலோ போன்ற நாட்டு மரங்கள் இடைவெளியில்லாமல் நிற்கின்றன. தரை எப்போதும் ஈரம். அடிமரங்களில் பாசி, பாசியின் மேல் பெரணி, அதற்கும் மேலே கொடிகள். பாதையை விட்டு ஐந்தடி உள்ளே போனால் பாதை கண்ணுக்குத் தெரியாது. குடைபோல விரிந்த நல்கா இலைகளின் அடிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். தண்டிலும் நரம்புகளிலும் முள் முள்ளாக இருக்கும். கோடையின் பிற்பகுதியில் உல்மோ மரம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, தேனீக்களின் ரீங்காரம் மேலிருந்து கேட்கும். ஒரு மணி நேரம் இந்தக் காட்டில் இருந்துவிட்டு வந்தால், வட்டக் களஞ்சியத்தின் ஒவ்வொரு விட்டமும் எங்கிருந்து வந்தது, ஒரு ஹெக்டேர் கோதுமை வயலுக்கு எத்தனை உழைப்பு தேவைப்பட்டிருக்கும், அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பவை மூன்றும் ஒருசேரத் தெளிவாகின்றன. குடியேறிகள்மீது மதிப்பும் காட்டின்மீது வருத்தமும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளாமல் இருக்க முடியும் என்பதை எனக்குக் காட்டியது இந்த வரிசைதான்.

குடும்ப வேரைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு சொல். பரம்பரைச் செய்திகளைத் துல்லியமாகத் தேட விரும்புகிறவர்களுக்கு ஆவணக்காப்பகங்களும் தேவாலயப் பதிவேடுகளுமே உதவும்; தோட்டம் அந்த வேலைக்கானதன்று. ஆனால் பாட்டனார் என்ன கருவியைப் பிடித்தார், பாட்டி வெண்ணெய் கடைந்த கலம் எவ்வளவு கனம் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. சிலியின் பால் தொழில் இன்றளவும் பெரிதும் இந்தத் தென்மாவட்டங்களை நம்பியிருப்பதால், அந்தக் கலங்களுக்கும் இன்றைய பண்ணைகளுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடவில்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ் ஊரில் எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும் கூகென் என்ற பழப்பணியாரம் கிடைக்கும். ராஸ்பெரி போட்டது எல்லோருக்கும் பிடிக்கும்; முர்தா என்ற அவ்வட்டாரத்துச் சிறு பழம் போட்டது இருந்தால் அதையே வாங்குங்கள், வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஜெர்மனியிலிருந்து வந்த மாவும் சிலிக் காட்டிலிருந்து வந்த பழமும் அதில் சண்டையில்லாமல் இருக்கின்றன. சைவர்களுக்கு அன்றைய மதிய உணவே இதுவாகிவிடவும் வாய்ப்பு உண்டு. ஏரிக்குள் நீட்டிக் கட்டியிருக்கும் தெயாத்ரோ தெல் லாகோ அரங்கம் 2010இல் திறக்கப்பட்டது. 1968 முதல் நடந்துவரும் இசை விழா ஜனவரி இறுதியில் தொடங்கும். அந்த நாட்களில் அறை வாடகை ஏறிவிடும் என்பதால், தோட்டம் மட்டுமே நோக்கம் என்றால் டிசம்பரிலோ பிப்ரவரிப் பிற்பகுதியிலோ போவது நல்லது.

சான்தியாகோவிலிருந்து புவேர்த்தோ மோன்டுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அங்கிருந்து ஃப்ருத்தியார் வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர்; சிறு பேருந்துகள் அடிக்கடி கிளம்புகின்றன. பெரும்பாலும் அவை மேல் ஊரில் இறக்கிவிடும். ஏரிக்கரைக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர் இறக்கம், அதற்குப் பங்கு வாடகைக் கார்கள் உண்டு. புவேர்த்தோ மோன்ட் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் நிற்கும் நாட்களில் முற்பகலில் தோட்டம் நிறைந்துவிடும். காட்டைக் காலையிலும் தோட்டத்தைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம். ஸ்பானிய மொழி தெரியாதவர்கள் குடியேற்ற வரலாற்றைக் கொஞ்சமாவது படித்துவிட்டுப் போவது நல்லது. தோட்டத்துக்கு இரண்டு மணி நேரம் தாராளம். பாதை சரிவானது, மழைக்குப் பின் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே இருக்கும் ஆலையையும் களஞ்சியத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, பண்ணை வீட்டைத் தவிர்த்துவிட்டால் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. குடையைவிட மழைச்சட்டை உதவும். ஏரிக்காற்றில் குடை நிற்காது.